கறுப்புச் சட்டைக்காரர்கள்

வேலூர் லாங் பஜாரை ஒட்டிய ஒரு சந்தில் ரெக்கார்டிங் சென்டர் ஒன்று இருந்தது. வெற்று கேசட்டும் பாட்டுப் பட்டியலும் கொடுத்துவிட்டு வந்தால் இரண்டு நாளில் பதிந்து வைத்திருப்பார்கள். தொண்ணூறுகளின் நடுவில் அந்தக் கடைக்குச் சோறு போட்டது இளையராஜாவும் ரஹ்மானும்தான். ஆனால் கல்லாவுக்குப் பின்னால் முழங்கால் உயரத்தில் ஒரு தட்டு மட்டும் தனியாக இருந்தது. சி.எம்.சி.யில் படிக்க வந்த நாகாலாந்து, மிசோரம், மேகாலயா மாணவர்கள் ஊரிலிருந்து கொண்டுவரும் கேசட்டுகளைப் பிரதி எடுக்கக் கொடுப்பார்கள். கடை அண்ணன் அவர்களுக்கு ஒன்று பதிந்து கொடுத்துவிட்டு, சத்தமில்லாமல் தனக்கும் ஒன்று பதிந்துகொள்வார். ராக் இசையில் ஊறிய வடகிழக்கு மலைகள் இப்படித்தான் எங்கள் கோட்டை ஊருக்குள் வந்து சேர்ந்தன.

அவர் அந்தத் தட்டை இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார். ஒன்று 'இங்கிலீஷ் ஃபாஸ்ட்', மற்றது 'இங்கிலீஷ் ஸ்லோ'. வேறு வகை கிடையாது, வருடமும் கிடையாது. 1972-ல் வந்த டீப் பர்ப்பிளின் 'மெஷின் ஹெட்', 1982-ல் வந்த அயர்ன் மெய்டனின் 'தி நம்பர் ஆஃப் தி பீஸ்ட்', 1991-ல் வந்த மெட்டாலிகாவின் கறுப்பு அட்டைத் தொகுப்பு எல்லாம் ஒரே தட்டில் தோளோடு தோள் உரசி நின்றன. எது முன்னால், எது பின்னால், யார் யாரைக் கேட்டு வளர்ந்தார்கள் என்று சொல்ல ஆள் இல்லை. மேல்நாட்டுப் பையன் ஒருவன் தன் அப்பாவின் இசை என்று ஒதுக்கிவைத்ததையும், தன் அண்ணனின் இசை என்று பொறாமைப்பட்டதையும் நாங்கள் ஒரே மாலையில் புத்தம்புதிதாகக் கேட்டோம். கிளாசிக் ராக் என்று ஒன்று எங்களுக்கு அப்போது இல்லவே இல்லை. எல்லாமே நேற்று வந்ததுதான்.

முகமும் தெரியாது. அட்டைப்படம் அசல் கேசட்டோடு ஹாஸ்டலுக்குப் போய்விடும். நமக்கு வருவது கடை அண்ணனின் பால்பாயின்ட் எழுத்து. மெய்டனின் முதல் இரண்டு தொகுப்புகளில் பாடியவர் பால் டியானோ. 1982 முதல் புரூஸ் டிக்கின்சன். இது எங்களுக்குத் தெரிய வெகுகாலம் ஆயிற்று. அதுவரை, "ஒரே ஆள்தான்டா, அதுல சளி பிடிச்சிருக்கு" என்று ஆம்பூர் நண்பன் சொன்ன தீர்ப்பே செல்லுபடியாகிக்கொண்டிருந்தது.

அறுபது நிமிட கேசட்டில் ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிடம். கடைசியில் மிஞ்சும் இடத்தில் கடை அண்ணன் ஏதாவது ஒரு பாட்டைப் போட்டு நிரப்புவார். பாதியில் நாடா தீர்ந்தால் அது பாட்டின் தலையெழுத்து. என் கேசட்டில் முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு மெய்டனின் 'ஹாலோட் பி தை நேம்'. தூக்குமேடைக்குக் காத்திருக்கும் கைதியின் கடைசி நேரம் அது. மணியோசையில் மெதுவாகத் தொடங்கி, நடுவில் வேகம் பிடித்து, கிட்டார்கள் மட்டும் பேச ஆரம்பிக்கும். சரியாக அங்கே 'டக்' என்று பொத்தான் மேலெழும். ஏழு நிமிடப் பாட்டில் கடைசி இரண்டரை நிமிடத்தை நான் பல வருடம் கேட்டதில்லை. அந்தக் கைதி என்ன ஆனான் என்று தெரியாமலே பள்ளிப்படிப்பு முடிந்தது.

கல்லூரிக்குச் சென்னை வந்தபோது இந்த நோய் இன்னும் சிலருக்கும் இருப்பது தெரிந்தது. சென்னையில் ராக் புதிதும் இல்லை. ரஹ்மானே எண்பதுகளில் 'நெமிசிஸ் அவென்யூ' என்ற ராக் குழுவில் கீபோர்டு வாசித்தவர்தான். ஜனவரி மாதம் ஐ.ஐ.டி.யில் சாரங் விழா நடக்கும். அதில் ராக் இரவு என்றால் திறந்தவெளி அரங்கின் படிக்கட்டுகளில் இடம் பிடிக்க மாலையிலேயே போய்விடுவோம். மேடையில் கல்லூரிக் குழுக்களும் டெல்லி, பம்பாய்க் குழுக்களும் மெய்டன் பாட்டையும் டீப் பர்ப்பிள் பாட்டையும் வாசிப்பார்கள். சன்னதியை எட்டிப் பார்க்க முடியாதவன் கோபுரத்தைக் கும்பிடுவதுபோல நாங்கள் அவர்களுக்குத் தலையை ஆட்டினோம்.

கறுப்பு டி-ஷர்ட்டும் அப்போதுதான் உடம்பில் ஏறியது. திருப்பூரில் மிஞ்சிய சரக்கு என்று நடைபாதையில் குவித்து விற்பார்கள். கிளறினால் எப்போதாவது ஒரு மெய்டன் சட்டை அகப்படும். அந்தக் குழுவின் சின்னம் எடி என்கிற எலும்பு முகப் பூதம். விடுமுறைக்கு அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனால் அம்மா வாசலிலேயே நிறுத்துவாள். "மலைக்கு மாலை போட்டிருக்கியா, கட்சியில சேந்துட்டியா? ஏதாவது ஒண்ணச் சொல்லிட்டு உள்ள வா." தமிழ்நாட்டில் கறுப்புச் சட்டைக்கு ஐயப்பன், பெரியார் என்று இரண்டே காரணங்கள்தான் உண்டு. எலும்புக்கூடு போட்ட மூன்றாவது கட்சிக்கு அவளிடம் அங்கீகாரம் இல்லை.

அந்தச் சட்டைதான் எங்களுக்கு ஓர் அண்ணனைச் சம்பாதித்துக் கொடுத்தது. டி.டி. எடுக்க ஒரு வங்கிக்குப் போயிருந்தேன். கவுன்டருக்குப் பின்னால் நெற்றி நிறையத் திருநீறு, முழுக்கைச் சட்டை, சட்டைப்பையில் இரண்டு பேனாவோடு ஓர் அதிகாரி. படிவத்தை வாங்கியவர் என் மார்பிலிருந்த படத்தைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். எகிப்தியப் பிரமிடு, நடுவே எடி. "பவர்ஸ்லேவ். எண்பத்தி நாலு" என்று சொல்லிவிட்டுப் படிவத்தில் முத்திரை குத்தினார். ஒரு தொகுப்பை வருடத்தோடு சொன்ன முதல் மனிதரை அன்றுதான் பார்த்தேன்.

எண்பதுகளின் பிற்பகுதியில் அவருக்கு டெல்லியில் வேலை. உலக மனித உரிமைப் பிரகடனத்தின் நாற்பதாவது ஆண்டுக்காக ஆம்னெஸ்டி அமைப்பு 1988-ல் பல நாடுகளில் கச்சேரி நடத்தியது. அந்தப் பயணம் செப்டம்பர் 30 அன்று டெல்லி ஜவஹர்லால் நேரு ஸ்டேடியத்துக்கு வந்தது. புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன், ஸ்டிங், பீட்டர் கேப்ரியல், ட்ரேசி சாப்மன், செனகல் நாட்டு யூசு என்டூர் ஆகிய ஐந்து பேரும் ஒரே மேடையில். அலுவலகத்தில் யாருக்கும் அந்தப் பெயர்கள் தெரியாது என்பதால் அண்ணன் தனியாகப் போனார். அந்த வருடம்தான் முதல் தொகுப்பு வெளியிட்டிருந்த சாப்மன், கூட வாசிக்க யாருமில்லாமல் ஒற்றை கிட்டாரோடு அத்தனை பெரிய ஸ்டேடியத்தின் முன்னால் நின்றதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிடும். ஸ்பிரிங்ஸ்டீன் வியர்த்து வழிந்ததைச் சொல்லும்போது எழுந்தே நின்றுவிடுவார். முடிந்ததும் பேருந்து கிடைக்காமல் அறைக்கு நடந்தே போனாராம். நடந்ததைச் சொல்ல அறையில் ஆள் இல்லை. மறுநாள் அலுவலகத்தில் சொன்னார். கேட்டவர்கள் டிக்கெட் விலையைத்தான் விசாரித்தார்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு காற்று தெற்கே திரும்பியது. பெங்களூரில் பேலஸ் கிரவுண்ட்ஸ் என்ற பெரிய திடல் இருந்தது, ஐ.டி. சம்பளம் இருந்தது, சென்னை, ஐதராபாத், கொச்சியிலிருந்து ஓரிரவில் வந்து சேர ரயிலும் இருந்தது. பிங்க் ஃபிளாய்டின் ரோஜர் வாட்டர்ஸ் 2002-ல் வந்தார். மறு வருடம் ரோலிங் ஸ்டோன்ஸ் வந்தார்கள். 2005-ல் மார்க் நாஃப்ளர். ஒவ்வொன்றுக்கும் எங்களில் யாராவது ஒருவன் போய்விட்டு வந்து மாதக்கணக்கில் அளப்பான். மற்றவர்கள் வயிறு எரிந்து கேட்போம். பிறகு ஒருநாள் மெய்டன் வருகிறார்கள் என்று செய்தி வந்தது. 2007 மார்ச் 17, சனிக்கிழமை.

அந்த அளவுக்குப் பெரிய ஹெவி மெட்டல் குழு ஒன்று அதுவரை இந்தியாவுக்குத் தனக்கென்று கச்சேரி நடத்த வந்ததில்லை. அண்ணனைக் கூப்பிட்டோம். "மார்ச் மாசத்துல பேங்க்காரனைக் கல்யாணத்துக்கே கூப்பிடக் கூடாது" என்றார். ஆண்டுக் கணக்கு முடிக்கும் நேரம். "ஃபியர் ஆஃப் தி டார்க் பாடும்போது மட்டும் எனக்கு போன் போடுங்கப்பா" என்று கேட்டுக்கொண்டார்.

வெள்ளி இரவு சென்ட்ரலில் ரயில் பெட்டிக்குள் ஏறியதுமே ஏதோ வித்தியாசமாகத் தெரிந்தது. எதிர் இருக்கையில் கறுப்புச் சட்டை. மேல் பர்த்தில் கறுப்புச் சட்டை. கதவருகே சிகரெட்டோடு நின்ற மூவரும் கறுப்புச் சட்டை. யாரும் யாரோடும் பேசவில்லை. சட்டையைப் பார்த்து லேசாகத் தலையை மட்டும் அசைத்துக்கொண்டோம். காட்பாடியில் இன்னும் சிலர் ஏறினார்கள். எங்கள் ஊரில் நாங்கள் மட்டும்தான் என்று அத்தனை வருடம் நினைத்திருந்த எனக்கு, என் ஊர் ஸ்டேஷனில் ஏறிய அந்த முகம் தெரியாத பையன்களைப் பார்த்ததும் கொஞ்சம் கோபமே வந்தது. அவர்களும் அதே சந்தில், அதே முழங்கால் உயரத் தட்டில் கைவிட்டுத் துழாவியிருக்க வேண்டும்.

மறுநாள் மத்தியானம் ஆட்டோக்காரர் மேக்ரி சர்க்கிள் பக்கம் போகும்போதே தமிழில் கேட்டார்: "என்ன சார், காலையிலேர்ந்து எல்லாம் கறுப்பாவே ஏறுறீங்க, தி.க. மாநாடா?" இங்கிலாந்திலிருந்து பாட்டுக்காரர்கள் வருகிறார்கள் என்றோம். "நல்லாப் பாடுவாங்களா?" என்றார். அதுவரை யாரும் எங்களை அப்படிக் கேட்டதில்லை. ஆம்பூர்க்காரன் யோசித்து, "சத்தமாப் பாடுவாங்க" என்றான்.

திடலில் புழுதி. தண்ணீர் பாட்டிலை வாசலிலேயே பிடுங்கிக்கொண்டார்கள். வரிசைகளில் கன்னடம், மலையாளம், தெலுங்கு, வங்காளம், வடகிழக்கு மொழிகள் எல்லாம் காதில் விழுந்தன. எந்தப் பக்கம் திரும்பினாலும் எடி. முதலில் டெல்லியின் பரிக்ரமா குழு வாசித்தது. மெய்டனின் அழைப்பில் அவர்கள் அதே வருடம் இங்கிலாந்தின் டவுன்லோடு விழாவுக்கும் போனார்கள். அடுத்து மெய்டனின் தலைவர் ஸ்டீவ் ஹாரிசின் மகள் லாரன் ஹாரிஸ் பாடினார். பிறகு விளக்கு அணைந்து, யு.எஃப்.ஓ. குழுவின் 'டாக்டர் டாக்டர்' ஒலிபெருக்கியில் ஓடத் தொடங்கியது. மெய்டன் மேடை ஏறும் முன் அந்தப் பாட்டைப் போடுவது வழக்கம். படித்துத் தெரிந்து வைத்திருந்தவர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் மேடையை நோக்கி நகர, என் கால்கள் தரையை விட்டு எழுந்து நான்கடி தள்ளி இறங்கின.

வந்தார்கள். என் மனதில் முதலில் தோன்றியதைச் சொல்ல வேண்டும்: இவர்களுக்கு வயதாகிவிட்டதே. ஸ்டீவ் ஹாரிசுக்கு அந்த வாரம்தான் 51 நிறைந்திருந்தது. வெறுங்காலோடு டிரம்ஸ் வாசிக்கும் நிக்கோ மெக்பிரெய்னுக்கு 54. கிழக்கு லண்டனில் ஹாரிஸ் இந்தக் குழுவைத் தொடங்கியது 1975-ல், நான் பிறப்பதற்கும் முன்னால். கேசட்டில் வயது தெரியாது. பதிந்த நாளிலேயே குரல் நின்றுவிடுகிறது. நான் காதால் மட்டும் அறிந்திருந்த ஆட்களுக்கு அன்று உடம்பு வந்தது, சுருக்கம் வந்தது, மூச்சு வாங்கியது. டிக்கின்சன் பக்கத்து ஒலிபெருக்கி மேல் தாவி ஏறியபோது, நாற்பத்தெட்டு வயதில் இது எப்படி முடிகிறது என்று எனக்கு வீட்டுப் பெரியவர்களின் முழங்கால்கள் நினைவுக்கு வந்தன.

எங்கள் கூட்டத்தில் ஒருவன் பின்னால் ஒதுங்கி நின்றுவிட்டான். இயற்பியல் படித்தவன். ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் போகும். நூறு மீட்டர் தள்ளி நின்றவனுக்கு, திரையில் நிக்கோவின் குச்சி இறங்கிய பிறகு கால் நொடிக்கும் சற்று அதிகமாகக் கழித்துத்தான் அடி கேட்கும். முன்னால் நின்ற நாங்கள் கத்தத் தொடங்கிய பிறகுதான் அவன் பக்கத்தில் நின்றவர்கள் கத்தத் தொடங்கினார்களாம். "கூட்டம் மொத்தமும் ஒரே நேரத்துல பாடவே இல்ல. முன்னாலேர்ந்து பின்னால வரைக்கும் பாட்டு ஓடி வந்துச்சு" என்று இன்றும் சொல்வான். நெஞ்சுக்கூட்டுக்குள் பேஸ் கிட்டார் இடித்துக்கொண்டிருந்த எங்களுக்கு அது தெரியவே இல்லை. அன்று அவன் கேட்ட கச்சேரி வேறு, நாங்கள் கேட்டது வேறு.

'ஃபியர் ஆஃப் தி டார்க்' 1992-ல் வந்த பாட்டு. அதன் தொடக்கத்தில் கிட்டார் ஒரு மெட்டை இழுக்கும். சொல் எதுவும் இல்லாத அந்த மெட்டை எந்த ஊரிலும் கூட்டம் 'ஓ ஓ' என்று கூடவே பாடும். கேசட்டில் அது கிடையாது, கூட்டம் சேர்த்துக்கொண்டது. எங்களில் பாதிப் பேருக்கு மெய்டன் பாட்டுகளில் பாதி வரிகள் புரிந்ததில்லை. உச்சரிப்பு பிடிபடாமல் நாங்களாக இட்டுக்கட்டிய சொற்களைத்தான் குளியலறையில் பாடிக்கொண்டிருந்தோம். இந்த இடத்தில் அந்தக் கவலையே இல்லை. திடலில் இருந்த அத்தனை மொழிக்காரர்களும் ஒரே 'ஓ'வில் சேர்ந்துகொண்டார்கள். நோக்கியாவை உயரத் தூக்கிப் பிடித்தேன். மறுமுனையில் அண்ணன், மார்ச் மாதக் கணக்கின் நடுவில். அவருக்குக் கேட்டது வெறும் இரைச்சல்தான். ஆனால் கடைசி வரை இணைப்பைத் துண்டிக்கவில்லை. என் பிரீபெய்டு கணக்குத்தான் காலியானது.

முடிவை நெருங்கும்போது அந்த மணியோசை கேட்டது. கைதியின் பாட்டு. அதற்குள் முழுப்பாட்டையும் பலமுறை கேட்டு முடித்திருந்தேன், கதை தெரியும். ஆனாலும் வேகம் பிடித்து கிட்டார்கள் எழும் அந்த இடம் வந்ததும் உடம்பு விறைத்தது. 'டக்' சத்தத்துக்குக் காது தயாரானது. நாடா தீரவில்லை. மூன்று கிட்டார்களும் மேலே மேலே போய்க்கொண்டே இருந்தன. யாரோ ஒரு மிசோ பையன் என் தோளில் கைபோட்டு ஆடிக்கொண்டிருந்தான். எங்கள் ஊரில் படித்த சீனியர் எவனுக்காவது தம்பியாக இருப்பானோ என்று தோன்றியது. கேட்கவில்லை. கேட்டாலும் அந்தச் சத்தத்தில் விழுந்திருக்காது.

வெளியே வந்தபோது வேறு உலகம் ஒன்று எங்களுக்காகக் காத்திருந்தது. அதே மாலையில் மேற்கிந்தியத் தீவுகளில் உலகக் கோப்பை. திராவிடின் தலைமையில் இந்தியா வங்கதேசத்தோடு ஆடிக்கொண்டிருந்தது. திராவிடின் சொந்த ஊரிலேயே நாங்கள் அதை மறந்து தலையாட்டியிருக்கிறோம். இந்தியா 191-க்கு ஆல் அவுட் என்று குறுஞ்செய்தி வந்திருந்தது. வங்கதேசம்தானே, பார்த்துக்கொள்ளலாம் என்று பேருந்து ஏறினோம். நள்ளிரவு தாண்டி கிருஷ்ணகிரி அருகே டீக்கு நிறுத்தினார்கள். கடைத் தொலைக்காட்சி முன்னால் பேருந்து மொத்தமும் நின்றது. வங்கதேசம் ஜெயிக்கும் நிலையில் இருந்தது. சற்று நேரத்தில் ஜெயித்தும்விட்டது. ஒருவரும் பேசவில்லை. தலையெல்லாம் புழுதியோடு, தொண்டை கட்டி, கறுப்பாக நின்ற எங்களை டீ மாஸ்டர் பார்த்தார். "தோக்கும்னு தெரிஞ்சே கறுப்புச் சட்டை போட்டுக்கிட்டு வந்தீங்களா தம்பி?" பதில் சொல்ல எவனுக்கும் குரல் இல்லை.

மெய்டன் மறு வருடமே மும்பைக்கு வந்தார்கள், டிக்கின்சனே விமானம் ஓட்டிக்கொண்டு. 2009-ல் மறுபடி பெங்களூர். 2011-ல் மெட்டாலிகா: குர்கானில் தடுப்பு சரிந்து கச்சேரி ரத்தாக, பெங்களூரில் மட்டும் நடந்தது. எங்களில் சிலர் எல்லாவற்றுக்கும் போனார்கள். ஆனாலும் கூடும்போதெல்லாம் பேச்சு அந்த முதல் ராத்திரிக்கே போகிறது.

இப்போது கூடும் காரணங்கள் மாறிவிட்டன. 2024 அக்டோபரில் பால் டியானோ இறந்தார்; 'சளி பிடித்த குரல்' என்று சொன்னவன்தான் அன்று அவருடைய இரண்டு தொகுப்புகளையும் முழுக்கப் போட்டான். பக்கவாதத்திலிருந்து மீண்டு வாசித்த நிக்கோ அந்த டிசம்பரில் மேடைப் பயணங்களை நிறுத்திக்கொண்டார். 2025 ஜூலை 5 அன்று சொந்த ஊரான பர்மிங்காமில் சிம்மாசனத்தில் உட்கார்ந்தபடி ஓஸி ஆஸ்பர்ன் பாடியதை எங்கள் வீட்டு ஹாலில் விடிய விடியப் பார்த்தோம். பதினேழு நாளில் அவரும் போய்விட்டார். காலமே இல்லாமல் எங்களிடம் வந்த பாட்டுகள், மனிதர்கள் ஒவ்வொருவராக விடைபெறும்போதுதான் வரிசையில் வந்து நிற்கின்றன. எது முன்னால், எது பின்னால் என்று இப்போது எங்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஓஸி பாடிய அன்றும் அண்ணன் வந்திருந்தார். ஓய்வுபெற்றாயிற்று, திருநீறும் இரண்டு பேனாவும் அப்படியே. அவர் போகாத 2007 கச்சேரியை இப்போதெல்லாம் எங்களைவிட அவர்தான் நன்றாகச் சொல்கிறார். அந்த 'ஓ ஓ' எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கியது என்றுகூடச் சொல்வார். அதற்கு ஈடாக அவருடைய டெல்லி எங்களுக்கு வந்துவிட்டது. கேட்டுக் கேட்டு எங்களுக்கு மனப்பாடம். போன முறை அவர் ஞாபகப் பிசகாக ஸ்டிங்குக்கு அப்புறம் ட்ரேசி சாப்மனை மேடை ஏற்றினார். ஆம்பூர்க்காரன் உடனே மறித்தான்.

"இல்லண்ணே, அந்தப் பொண்ணு முன்னாடியே பாடிட்டுப் போயிருச்சு."

1988 செப்டம்பரில் அவன் ஆம்பூரில் மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தான். அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே யோசித்தார். "ஆமால்ல" என்றார்.